போகாத ஊருக்குத் திரும்பிப் போனவர்

அந்த ஊருக்கு ஜென்மத்துக்கும் திரும்பிப் போவதில்லை என்று கத்திரி சபதம் எடுத்தார். சபதத்தில் ஒரே ஒரு ஓட்டைதான். திரும்பிப் போவதற்கு முதலில் ஒரு தடவை போயிருக்க வேண்டும்.

அவர் போனதில்லை.

இந்த உண்மை அவருக்கு மட்டுமே தெரியும். மனைவியிடம், மச்சானிடம், எதிர்வீட்டுக்காரரிடம், முடி வெட்டுகிறவரிடம் அவர் சொல்லி வைத்திருந்தது வேறு. மூன்று மாசம் அந்த ஊரிலேயே இருந்ததாகவும், கண்ணைக் கட்டிவிட்டாலும் தெருத் தெருவாக நடந்து காட்டுவதாகவும் சொல்லியிருந்தார். இருபத்து நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் ஒரு பொய்யைப் போஷித்து வளர்த்தால் அது வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே துரத்த மனசு வருவதில்லை.

கத்திரி என்பது தொழிலில் வந்த பெயர். மனிதர் சினிமாவில் எடிட்டர். எங்கெங்கோ போய் எடுத்துக்கொண்டு வரும் படத்தை வெட்டுவார், ஒட்டுவார். ஜன்னல் இல்லாத அறை, ஒரு நாற்காலி, ஒரு சின்னத் திரை. காலையில் உள்ளே போனால் வெளியே வரும்போது தெருவிளக்கு எரியும். வெயில் என்பது அவருக்குத் திரையில் தெரியும் ஒரு சமாசாரம்.

அந்த ஊரோ படம் எடுப்பதற்காகவே கட்டினது போன்ற வெளிநாட்டு ஊர். காதல் பாட்டு என்றால் அங்கேதான். ராஜா கதையா, அங்கேதான். வேறொரு நாட்டில் நடக்கிற துப்பறியும் கதையா, அதற்கும் அங்கேதான். பதினோரு படங்கள் அப்படி அவர் கைக்கு வந்தன. ஜனங்கள் தியேட்டரில் நாலு நொடி பார்க்கிற தெருவை அவர் நாலு மணி நேரம் பார்த்தவர். கதாநாயகன் ஓடி முடித்த பிறகு தெருவைப் பெருக்க வரும் பெண், எந்தக் காட்சியிலும் குறுக்கே வந்து மோப்பம் பிடிக்கும் ஒரு காது மடிந்த நாய், மூன்றாம் மாடியில் துணி உலர்த்தும் கிழவர், இதெல்லாம் வெட்டி எறிகிற துண்டுகளில்தான் இருக்கும். வெட்டி எறிகிறவர் அவர்தானே. எறிவதற்கு முன்னால் எடுத்து ஒருதரம் பார்த்துக்கொள்வார். அந்த ஊரை அவர் நிஜமாகவே நேசித்தார். அதில் மட்டும் பொய் கிடையாது.

இப்போது எட்டு மாசமாக வேலை இல்லை. அவரிடம் தொழில் கற்றவர்கள் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காப்பிக் கடையிலேயே படத்தை முடித்துவிடுகிறார்கள். அவருடைய அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். கத்திரி வீட்டு ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால் கண் கூசுகிறது என்பார். வேலை போன மனிதருக்கு வீட்டில் மிச்சமிருந்த ஒரே மரியாதை அந்த ஊர்தான். "நான் அங்க இருந்தப்போ" என்று ஆரம்பித்தால் இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மரியாதைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபத்து வந்தது. ஹால் விளக்கைப் பட்டென்று போட்டுவிட்டு, ஒரு கவரை மேஜைமேல் வைத்தாள் மனைவி.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

"என்னது?"

"பிளைட் டிக்கெட். ரெண்டு."

"யாருக்கு?"

"எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கும் அவர் மாமியாருக்கும். கேக்கறதைப் பாரு! நமக்குத்தான்."

"எந்த ஊருக்கு?"

"உங்க ஊருக்கு."

கத்திரி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். மேஜை அங்கே இல்லை. தம்ளர் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

மனைவியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டுக்குத் தலைமை நர்ஸ். ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், தெருவிலும் சிஸ்டர், பால் போடுகிறவருக்கும் சிஸ்டர். கத்திரி ஒருவர்தான் அப்படிக் கூப்பிட முடியாது. அதனால் "இந்தாம்மா" என்றே காலம் தள்ளிவந்தார்.

"இருபது வருஷ சர்வீசுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. எந்த ஊர் வேணும்னு கேட்டாங்க. எல்லாரும் கடற்கரை கேட்டாங்க, நான் உங்க ஊரைக் கேட்டேன்."

"அங்க இப்ப மழை."

"குடை இருக்கு."

"குளிரும்."

"ஸ்வெட்டர் இருக்கு."

"இந்தாம்மா, அந்த ஊர் இப்ப முன்ன மாதிரி இல்லையாம்."

"நீங்களும்தான் முன்ன மாதிரி இல்லை. நான் என்ன விட்டுட்டா போயிட்டேன்?"

"என் பாஸ்போர்ட்டு..."

"எடுத்துப் பாத்துட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஒரு முத்திரைகூட இல்லாம புது நோட்டு மாதிரி இருக்கே, ஏன்?"

"அது புதுசு. பழசைக் கம்பெனிக்காரன் வாங்கி வெச்சுக்கிட்டான்."

"எந்தக் கம்பெனி?"

"அதை இழுத்து மூடியாச்சு."

"பாஸ்போர்ட்டை உள்ள வெச்சா மூடினாங்க?"

கத்திரி குனிந்து தம்ளரைத் தேடினார். கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் தேடினார்.

இந்தப் பொய் எப்படிப் பிறந்தது என்று கேட்டால், பத்து நிமிஷத்தில் பிறந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, பேசிக்கொள்ளுங்கள் என்று கதவைப் பாதி சாத்திவிட்டுப் பெரியவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி, "நீங்க வெளியூரெல்லாம் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் போயிருந்த ஒரே வெளியூர் அத்தை வீடு. ஆனால் நாலு மாசமாக அந்த ஊர்ப் படத்தோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். வாயில் வேறெது வரும்?

"தபாலாபீஸ்னு ஒண்ணு இருக்கு. பச்சைக் கதவு. அதைத் தள்ளினா உள்ள பெரிய மண்டபம், மேல நூறு விளக்கு. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் இறங்கினா நீரூத்து. அங்க மூணு மாசம் இருந்தேன்."

அவள் தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறையில் வேலை செய்கிற மனிதரை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு பார்வைக்காக இருபத்து நான்கு வருஷம் பொய் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம் என்பதுதான் கத்திரியின் கட்சி.

நடுவில் ஒரு தடவைதான் ஆட்டம் கண்டது. எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரரின் மகளும் மாப்பிள்ளையும் கல்யாணமான புதிதில் அந்த ஊருக்குப் போனார்கள். கத்திரி தன் கைப்பட வரைபடம் வரைந்து கொடுத்தார். நீரூற்று, அடுத்தது பாலம், பாலம் தாண்டினால் கோட்டை. "டிபன் சாப்பிட்டுக் கிளம்பினா மத்தியானத்துக்குள்ள ஊரே முடிஞ்சிடும்" என்றார். திரும்பி வந்த மாப்பிள்ளை கால் வீங்கி, சிஸ்டரின் வார்டிலேயே மூன்று நாள் படுத்திருந்தார். பெண் அந்த மூன்று நாளும் புருஷனோடு பேசவில்லை.

"பாலம் பக்கத்து ஊர்ல இருக்கு சார்!" என்று மாப்பிள்ளை அழாக்குறையாகச் சொன்னார்.

"ஊரையே மாத்திக் கட்டிட்டான் போல" என்றார் கத்திரி.

உண்மையில் அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. நீரூற்றுக்கு அடுத்தது பாலம் என்று ஒட்டியவர் அவர்தான். கதாநாயகி நீரூற்றில் தலையைத் திருப்பினால் பாலத்தில் அவன் நிற்பான். பத்து வருஷம், இருபது வருஷம் அதையே பார்த்துப் பார்த்து, ஒட்டின இடம் எது, ஊர் எது என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு வழி கேட்கத் தெரியவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். சிஸ்டர் மட்டும் அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அவளே டிக்கெட்டோடு நிற்கிறாள். நடந்து காட்ட வேண்டும். முதல் சந்திலேயே மானம் கப்பலேறிவிடும். கத்திரி இரண்டு நாள் இருட்டில் உட்கார்ந்து யோசித்தார். மூன்றாம் நாள் வழி பிறந்தது. வழியைக் கொடுத்தவள் சிஸ்டரேதான். சாப்பிடும்போது வார்டு கதை பேசுவது அவள் வழக்கம். "முதுகு வலி ஒண்ணுதாங்க, எந்தப் படம் எடுத்துப் பாத்தாலும் சில சமயம் தெரியாது. ஆள் வலிக்குதுன்னா வலிக்குதுதான்" என்று எப்போதோ சொல்லியிருந்தாள். கத்திரி அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

போக வேண்டியது. ஓட்டலில் பெட்டியைத் தூக்க வேண்டியது. 'அம்மா' என்று சாய வேண்டியது. ஆறு நாள் படுக்கை, பக்கத்தில் மனைவி, ஏழாம் நாள் பிளைட். ஊரும் பத்திரம், மரியாதையும் பத்திரம். சபதத்தை மாற்றிக்கொண்டு கத்திரி உற்சாகமாகப் பெட்டி கட்டினார்.

எல்லாம் திட்டப்படியே நடந்தது. ஓட்டல் அறைக்குள் நுழைந்து இரண்டாவது நிமிஷம் அவர் தரையில் கிடந்தார்.

"அம்மா!"

"என்னாச்சு?"

"பிடிச்சுக்கிச்சு."

"எங்க?"

"முதுகுல."

"இடதா, வலதா?"

"ரெண்டும்."

"வலி காலுக்கு இறங்குதா?"

கத்திரி யோசித்தார். இறங்கினால் நல்லதா, இறங்காவிட்டால் நல்லதா?

"இறங்கி இறங்கி ஏறுது."

சிஸ்டர் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். "லிப்ட் மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"ஐயையோ, ரொம்ப மோசமான கேஸாச்சே" என்று அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது கத்திரியின் திட்டத்தில் இல்லை. மெத்தை கூடாது. தலையணை கூடாது. தரையில் ஒற்றைப் போர்வை. கழுத்தைத் திருப்பக் கூடாது, அதனால் டிவி கூடாது. உப்பு கூடாது. மூன்று வேளையும் வெந்நீரில் வெந்த காய்த் தண்ணீர். அவர் கட்டிலை ஏக்கத்தோடு பார்த்தார். அதில் சிஸ்டர் இரண்டு மெத்தையையும் போட்டுக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் குடையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட? நீ பக்கத்துல இருக்க வேண்டாமா?"

"இந்த நோய்க்குத் தனிமைதாங்க மருந்து. பேச்சுக் குடுத்தா நரம்பு இழுக்கும்."

"ஊர் தெரியாதே உனக்கு!"

"அதான் இருபத்தி நாலு வருஷமா சொல்லிக் குடுத்திருக்கீங்களே" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

தரையில் கிடந்தபடி பார்த்தால் கூரையில் ஈரம் பூத்த ஒரு திட்டு தெரிந்தது. ஜன்னலில் ஒரு சாண் அகலத்துக்கு வானம் தெரிந்தது. அதில் நாள் முழுக்க மழை. கீழே டிராம் வண்டி மணி அடித்துக்கொண்டு திரும்பியது. அந்த மணி அவருக்குத் தெரியும். எத்தனை தடவை அதை வெட்டி, பாட்டுக்கு இடையூறாக இருக்கிறது என்று எறிந்திருக்கிறார்! இப்போது அது நிஜமாக, முப்பது அடி தூரத்தில் அடித்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தார். ஆசைப்பட்ட ஊருக்கு வந்து சேர்ந்தும் தன்னுடைய பழைய அறையில்தான் இருக்கிறோம் என்று தோன்றியது. காய்த் தண்ணீரைக் குடித்து இறக்கினார்.

சாயங்காலமானால் சிஸ்டர் நனைந்த செருப்போடு, சிவந்த முகத்தோடு வருவாள். அன்றைய கதையைச் சொல்லுவாள். தெரிந்தவர் மாதிரி தலையாட்ட வேண்டிய வேலை கத்திரிக்கு.

"இன்னைக்கு மணிக்கூண்டுக்குப் போனேங்க."

"ஆமா, ஆமா. ஆத்தங்கரையில."

"மலை மேல."

"ஆத்தங்கரையிலேருந்து பாத்தா தெரியும்னு சொல்ல வந்தேன்."

"இந்த ஊர்ல ஆறே இல்லையே!"

"மழை இல்லாத காலத்துல இருக்காது."

"இப்ப மழைதானே கொட்டுது?"

கத்திரி முனகினார். வலி அந்த நேரத்துக்குக் கை கொடுத்தது.

மூன்றாம் நாள் அவள் டிராமில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்வந்தாள். நாலாம் நாள் எங்கேயோ வெகுதூரம் போய் இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள். ஐந்தாம் நாள் கீழ்த் தெரு ரொட்டிக் கடைக்காரம்மாவின் முழங்கால் வலிக்கு என்ன பயிற்சி என்று சைகையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பெரிய ரொட்டியோடு வந்தாள். உப்பு இருக்கிறது என்று அதில் ஒரு துண்டுகூட அவருக்குத் தரவில்லை. ரொட்டி போனால் போகிறது. அவருடைய ஊரை அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. பதினோரு படம் பார்த்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க, நாலு நாள் நடந்தவள் ஊரைப் பற்றி அவருக்கே பாடம் எடுக்கிறாள்.

ஆறாம் நாள் அவள் குடையோடு போனதும் கத்திரி எழுந்தார். எழுந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பொய்யாக ஆரம்பித்த முதுகு வலி, ஐந்து நாள் தரையில் கிடந்ததில் நிஜமாகிவிட்டிருந்தது. கட்டில் காலைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, கதவைப் பிடித்து நிமிர்ந்தார். மறுநாள் விடியற்காலையில் பிளைட். நீரூற்றை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். பாலம், கோட்டை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடலாம். தபாலாபீஸ், மண்டபம், நீரூற்று, இந்த மூன்றும் சத்தியம். பாட்டில் அது மொத்தம் ஏழு நொடி. சிஸ்டர் வருவதற்குள் போய்த் திரும்பிவிடலாம். மேல்கோட்டு மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்.

தெருமுனை திரும்பினதும் அப்படியே நின்றுவிட்டார். பச்சைக் கதவு! அதே பித்தளைக் குமிழ், அதே மூன்று படி. கதாநாயகி கால் வைத்த இரண்டாவது படியில் தானும் கால் வைத்தார். கண் நிறைந்துவிட்டது. "வந்துட்டேன்" என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு, மண்டபத்தின் நூறு விளக்குகளைப் பார்க்கத் தயாராகக் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஏழு குப்பைத் தொட்டிகள் இருந்தன. ஒரு பூனை இருந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் சமையற்காரர் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டிக்கொண்டிருந்தவர், இவரை நிமிர்ந்து பார்த்தார்.

கத்திரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மண்டபம், ஸ்டூடியோவில் போட்ட செட். கதவு இங்கே எடுத்தது. இரண்டையும் ஒட்டியது அவர். அவ்வளவு சுத்தமான ஒட்டு. அதைப் பாராட்டி டைரக்டர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். ஊரெல்லாம் நம்பியது. கடைசியில் ஒட்டியவரும் நம்பிவிட்டார்.

"அந்தப் பக்கம் நீரூத்து?" என்று தமிழிலேயே கேட்டுவைத்தார். சமையற்காரர் தொட்டியின் மூடியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மண்டபம் போனால் போகட்டும், நீரூற்று எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். படியிறக்கம் வந்தது. பாட்டில் அதில் இறங்கினால் பூந்தோட்டம். இறங்கினார். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வந்தது. இடது பக்கம் திரும்பினால் கடைவீதி. திரும்பினார். பஸ்களைக் கழுவுகிற கொட்டகை வந்தது. எதற்கும் அடுத்தது அடுத்ததாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் தெரு இருந்தது. ஈரமான, நீளமான, பேர் தெரியாத தெரு. படத்தில் அவர் ஒரு தடவைகூட வைத்துக்கொள்ளாத தெருக்கள் எல்லாம் சேர்ந்து அன்றைக்கு அவரைப் பிடித்துக்கொண்டன. இரண்டு மணி நேரம் நடந்தார். முதுகு ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். ஓட்டலின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. பெயரைப் பார்த்து வைத்திருக்க வேண்டிய ஐந்து நாளும் அவர் மல்லாந்து கிடந்தார்.

கடைசியில் விளக்கெரிந்த ஒரு ரொட்டிக் கடைக்குள் நுழைந்தார். அந்த ஊர் பாஷையில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரியும். வெட்டின துண்டுகளில், காலையில் கேமரா ஓட ஆரம்பித்ததும் சீருடை போட்ட ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு அதைச் சொல்லுவார். வணக்கம் என்று கத்திரி அதைப் பாடம் பண்ணி, வீட்டில் சிஸ்டருக்கே பல வருஷம் சொல்லியிருக்கிறார். இப்போது கையை உயர்த்தி அதைச் சொன்னார். கடையில் நின்ற நாலு பேரும் பதறிப்போய்ச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். படப்பிடிப்பில் கூட்டத்தை விலக்குகிற காவலர் வணக்கம் சொல்லமாட்டார் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

முகத்தைத் துடைக்கலாம் என்று கைக்குட்டைக்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். ஒரு அட்டை தட்டுப்பட்டது. ஓட்டல் முத்திரை போட்டிருந்தது. அதன்கீழே அந்த ஊர் எழுத்தில் யாரோ ஐந்தாறு வரி எழுதியிருந்தார்கள். விலாசமாக இருக்கும் என்று கடைக்காரம்மாவிடம் நீட்டினார். அவள் படித்தாள். முகம் மலர்ந்தது. "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். பிறகு அட்டையை உரக்கப் படித்தாள். சுவரோரம் ஒதுங்கின நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்களில் ஒரு தபால்காரருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக விளக்கினார்.

'இவர் என் கணவர். இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை. வழி தெரியும் என்று சொல்வார், தயவுசெய்து நம்ப வேண்டாம். ஓட்டலில் கொண்டுவந்து விடவும்.'

கடைக்காரம்மா அவர் கன்னத்தில் தட்டி, கையில் ஒரு பன்னைக் கொடுத்தாள். தொலைந்துபோன பிள்ளைக்குக் கொடுப்பது போலத்தான் கொடுத்தாள். தபால்காரர் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஓட்டல் அதே தெருவில், எட்டாவது வாசல்.

சிஸ்டர் அறையில்தான் இருந்தாள். பெட்டி கட்டி முடித்திருந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் தலையைத் துவட்டினாள். தன்னிடம் இருந்த ஒரே ஒரு நல்ல சட்டையும் உருவப்பட்டது போலக் கத்திரிக்கு இருந்தது.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"எது? முதுகா, ஊரா?"

"ஊரு."

"நாம முதல் தடவை பேசினதுக்கு மறுமாசம் அந்தப் படம் வந்துச்சு. பாத்தேன். நீங்க சொன்ன அதே கதவு, அதே மண்டபம், அதே நீரூத்து. வரிசைகூட மாறல. நிஜமா நடந்த ஆளுக்கு நடுவுல ஒரு தெருவாவது இருக்கும்ல? உங்களுக்கு ஒண்ணுகூட இல்லை."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே, இத்தனை வருஷம்?"

"அந்த ஊரைப் பத்திப் பேசறப்ப மட்டும்தாங்க உங்க மூஞ்சியில வெளிச்சம் வரும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

கத்திரி குனிந்துகொண்டார். துவட்டின தலையிலிருந்து சொட்டவில்லை, ஆனாலும் மடியில் சொட்டியது.

"சரி, எல்லாம் தெரிஞ்சுதானே இருந்தே. எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

"எட்டு மாசமா விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருக்கீங்க. ஆசைப்பட்ட ஊரைக் கண்ணால பாத்தா எழுந்து உக்காருவீங்கன்னு நினைச்சேன். நீங்க வந்ததும் வராததுமா படுத்துட்டீங்க."

"அதுக்குத் தரையிலயா போடுவே?"

"வார்டுல லீவுக்காக நடிக்கிற ஆளுங்களுக்கு நாங்க குடுக்கற வைத்தியம் அதுதான். மத்தியானத்துக்குள்ள எழுந்து ஓடிடுவாங்க. ஆறு நாள் தாக்குப்பிடிச்ச ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

கத்திரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக மறைக்க எதுவுமில்லாமல் அவள் முன்னால் நின்றார். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் இலேசாகவும் இருந்தது.

"இந்தாம்மா, கிளம்பு. இப்பவே போலாம். அந்த நீரூத்தை நீயே எனக்குக் காட்டு."

சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழை நின்றபாடில்லை. அவருடைய ஈரக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"அது ரயில்ல ரெண்டு மணி நேரங்க. முந்தாநேத்துதான் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மெதுவாகத் தோளில் தட்டினாள். "வருத்தப்படாதீங்க. ஊர் மொத்தத்தையும் போன்ல படம் பிடிச்சு வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போய் விளக்கை அணைச்சுட்டு, நிதானமா உக்காந்து வெட்டி ஒட்டிக்குங்க."